நான்கு ‘தேர்ந்தெடு’ பொத்தான்கள், ஒரே ஒரு செயல்

தோட்ட அலுவலகத்துக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுத உட்கார்ந்தால் முதலில் வரையும் விண்டோ ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் வரும். செக்ரோல் (ஆட்களின் வேலைநாள் பதிவேடு), குலைக் கணக்கு (வெட்டிய செம்பனைக் குலைகளின் கணக்கு), முன்பணம் என்று மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் நீளமாக ஒரு கட்டம், அதன் ஓரத்தில் ‘தேர்ந்தெடு’ என்று ஒரு பொத்தான். நான்காவது வரி, சம்பளச் சீட்டுகள் போய் விழவேண்டிய ஃபோல்டருக்கு. அடியில் ‘கணக்குப் போடு’.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் இத்தகைய நிரல்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. செம்பனைத் தோட்டத்து ஆபீஸ், குத்தகைக்கு ஆள் வைத்துக் குலை வெட்டுகிறவர், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் என்று கேட்கிறவர்கள் பலர். பெரிய மென்பொருள் வாங்க வசதியில்லாத இடங்கள் இவை. ஊர்ப் பிள்ளைகளில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள், கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், பயன்படுத்துவார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் இந்த நிரல் மாதத்துக்கு ஒருமுறை, ஐந்தாம் தேதியோ ஆறாம் தேதியோ, அவசரத்தில்தான் திறக்கப்படுகிறது. வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை தொடும் ஒன்றை எந்தக் கிராணியும் மனப்பாடம் செய்து வைத்திருக்க மாட்டார். பொத்தான்கள் நான்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நடைமுறையில் அவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முதல் பொத்தானுக்கு ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுதி) எழுதியதும் அதையே நகலெடுத்து மற்ற மூன்றுக்கும் ஒட்டிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் செக்ரோல் பொத்தானில் ஒரு பிழை தெரிகிறது, திருத்துகிறோம். முன்பணப் பொத்தானில் அதே பிழை அப்படியே கிடக்கிறது. நான்கு நகல்களில் மூன்றைத் திருத்திய நிரல், ஒன்றையும் திருத்தாததைவிட மோசம்; சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது, ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே செயல் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதைப் பொத்தான்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இங்கே விளக்குவது பைத்தான் நிரல்மொழியும், விண்டோ வரைய அதனோடு வரும் டிகின்டரும் கொண்டு. விண்டோஸில் பைத்தானை நிறுவினாலே டிகின்டர் கூட வந்துவிடும். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது டிகின்டர் கட்டளைகள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வரும்; ஸ்ட்ரிங்வார், பெர்மிஷன்எர்ரர், நன் போன்ற பெயர்களிலும், ஜாவா, க்யூட்டி பெயர்களிலும் பெரிய எழுத்தும் உண்டு. எதிலும் நடுவில் இடைவெளி கிடையாது.

தேர்வுப் பெட்டியைப் பற்றி முதலில் மனதில் பதிய வேண்டியது, அது கோப்பைத் திறப்பதில்லை. ஆஸ்க்ஓப்பன்ஃபைல்நேம் என்று கூப்பிட்டால், கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் ஓர் எழுத்துச் சரமாகத் தரும். சேமிப்பதற்கான ஆஸ்க்சேவ்அஸ்ஃபைல்நேமும் அப்படித்தான். அது எந்தக் கோப்பையும் உண்டாக்குவதில்லை, பெயரைக் கேட்டு வாங்கிக் கொடுப்பதோடு சரி. பெட்டி தருவது முகவரி, அதை வைத்து என்ன செய்வது என்பது நம் செயலின் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வரிக்கு என்னென்ன வேண்டும்? தலைப்பு, முகவரியை வைத்திருக்கும் மாறி, எந்த வகைக் கோப்பைக் காட்டுவது என்ற வடிகட்டி, தேர்ந்தெடுத்தது சரியானதுதானா என்று பார்க்கும் ஒரு சோதனை ஃபங்ஷன். இந்த நான்கையும் வைத்துக்கொள்ளும் ஒரு கிளாஸ் (ஒரே அச்சில் பல பொருள்களை உண்டாக்கும் வார்ப்பு) எழுதுங்கள். ‘கோப்புவரி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதற்குள் ‘தேர்ந்தெடு’ என்று ஒரே ஒரு மெதட், அதாவது கிளாஸுக்கு உள்ளே இருக்கும் ஃபங்ஷன். செக்ரோலுக்கு ஒரு கோப்புவரி, குலைக் கணக்குக்கு ஒன்று, முன்பணத்துக்கு ஒன்று. ஃபோல்டர் வரி மட்டும் பெட்டியைத் திறக்கும் இடத்தில் ஆஸ்க்டைரக்டரியைக் கூப்பிடும். மற்றதெல்லாம் பொது.

கிளாஸ் எதற்கு, ஒரு ஃபார் சுழற்சியில் நான்கு பொத்தானையும் உண்டாக்கி லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் இந்த வேலையின் மிகப் பழைய பொறி இருக்கிறது. சுழற்சிக்குள் எழுதிய லாம்டா, வரியின் மதிப்பை அந்த நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மாறியின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கும். கிராணி பொத்தானை அழுத்தும்போதுதான் போய் அதன் மதிப்பைப் பார்க்கும். அதற்குள் சுழற்சி முடிந்து அந்த மாறி கடைசி வரியில் நின்றிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசிக் கட்டமே நிரம்பும். பைத்தானோடு வரும் ஃபங்டூல்ஸில் உள்ள பார்ஷியலைப் பயன்படுத்தினாலோ, லாம்டாவின் அடைப்பில் வரியை இயல்பு மதிப்பாகக் கொடுத்தாலோ தீரும். கோப்புவரி கிளாஸ் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, ஒவ்வொரு பொத்தானும் தன் வரியின் மெதடையே பிடித்திருக்கும்.

பொத்தானின் கமான்ட் என்ற இடத்தில் மெதடின் பெயரைக் கொடுக்கும்போது பின்னால் அடைப்புக்குறி போடக்கூடாது. போட்டால், பொத்தானை உண்டாக்கும் அந்த நொடியிலேயே மெதட் ஓடிவிடும். நிரலைத் திறந்ததும் யாரும் எதையும் தொடாமலே தேர்வுப் பெட்டி ஒன்றன்பின் ஒன்றாக நான்கு முறை எழும். அதன்பிறகு பொத்தான்கள் செத்துக் கிடக்கும். “தம்பி, திறந்தவுடனே எதையோ கேட்குது, அப்புறம் பட்டனை அமுக்கினா ஒண்ணுமே வரல” என்று ஃபோன் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த அடைப்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத வகை. கட்டத்தோடு இணைத்த ஸ்ட்ரிங்வாரை (கட்டத்தின் எழுத்தை வைத்திருக்கும் மாறி) ஒரு ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக உண்டாக்கிவிட்டு, வேறெங்கும் பிடித்து வைக்காமல் வெளியே வந்தால், பைத்தான் அதைக் குப்பையாக எண்ணி அழித்துவிடும். கட்டம் மட்டும் திரையில் இருக்கும், அதற்குப் பின்னால் மதிப்பு இருக்காது. ஸ்ட்ரிங்வாரை செல்ஃபில், அதாவது அந்தக் கோப்புவரியிலேயே, வைத்துக்கொண்டால் போதும்.

இனி, ரத்து. தேர்வுப் பெட்டியில் கிராணி ‘ரத்து’ அழுத்தினால் டிகின்டர் வெற்றுச் சரத்தைத் தருகிறது. சில நேரங்களில் வெற்று டுப்பிள் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுதி) வருவதும் உண்டு. ஆகவே வெற்றுச் சரத்துக்குச் சமமா என்று ஒப்பிடாமல், ‘இஃப் நாட்’ என்று கேட்பதே பாதுகாப்பு. வந்தது வெறுமையானால் எதையும் தொடாமல் திரும்பிவிட வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: கட்டத்தைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறக்காதீர்கள். பெட்டியைத் திறந்து, முகவரி கைக்கு வந்த பிறகே கட்டத்தை மாற்றுங்கள். சும்மா திறந்து பார்த்து மூடிய ஒருவர், பத்து நிமிஷத்துக்கு முன் தேர்ந்தெடுத்த செக்ரோலை இழக்கக்கூடாது.

டிகின்டரை விட்டு, விண்டோ வரையும் இன்னொரு கருவியான பைக்யூட்டிக்கு மாறுகிறவர்கள் இதே இடத்தில் விழுவார்கள். அதன் கெட்ஓப்பன்ஃபைல்நேம் முகவரியையும் வடிகட்டியையும் சேர்த்து இரண்டு உறுப்புள்ள டுப்பிளாகத் தருகிறது. ரத்து செய்தாலும் இரண்டு வெற்றுச் சரங்கள் கொண்ட டுப்பிள் வரும். அந்த டுப்பிள் வெறுமையானதல்ல, எனவே ‘இஃப் நாட்’ அதைக் கடந்து போய்விடும். இரண்டு மாறிகளில் பிரித்து வாங்கி, முதலாவதை மட்டும் சோதிக்க வேண்டும்.

வடிகட்டியில் ஒரே ஒரு வகையைக் கொடுக்கும்போது வட்ட அடைப்புக்குள் கடைசிக் காற்புள்ளியை விட்டுவிட்டால், பைத்தான் வெளி அடைப்பைக் கணக்கிலேயே எடுக்காது. பெட்டி திறக்கும் முன்பே பிழை வரும். சதுர அடைப்பில் எழுதிப் பழகினால் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸ் கணினியானால் பின்னொட்டில் (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வருவது) பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. லாரியை எடை போடும் நிறுவைப் பாலத்துக் கணினியிலிருந்து வரும் கோப்பின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்தால், கோப்பு அங்கேயே இருந்தும் பெட்டியில் தெரியாது. இரண்டு வடிவத்தையும் வடிகட்டியில் சேர்த்துவிடுங்கள்.

தேர்வுப் பெட்டியைக் கூப்பிடும்போது பேரன்ட் என்ற இடத்தில் எந்த விண்டோவிலிருந்து கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதன்மை விண்டோ பேரன்ட் ஆகிவிடும். துணை விண்டோவில் வேலை செய்துகொண்டிருந்தவருக்குப் பெட்டி மூடியதும் அந்தத் துணை விண்டோ பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

முகவரி கட்டத்துக்குள் வந்த பிறகும் ஒரு கண்மறைப்பு நடக்கிறது. கட்டம் முப்பது நாற்பது எழுத்து அகலம்தான். முகவரியோ சி டிரைவில் தொடங்கி யூசர்ஸ், டாக்குமென்ட்ஸ் என்று நீண்டு போகும். கட்டத்தில் தெரிவது அதன் தலைப்பகுதி. மூன்று வரியும் ஒரே ஃபோல்டரிலிருந்து வந்திருந்தால் மூன்று கட்டமும் ஒரே எழுத்துகளைக் காட்டிக்கொண்டு நிற்கும். மார்ச் மாதத்துக்கு பிப்ரவரி செக்ரோல் போயிருந்தாலும் யாருக்கும் தெரியாது. முகவரியை எழுதியதும் கட்டத்தை அதன் கடைசி எழுத்துக்கு நகர்த்துங்கள். எக்ஸ்வியூமூவ்டு (எக்ஸ்வியூவுக்கும் மூவ்டுவுக்கும் நடுவில் ஓர் அடிக்கோடு) என்று கூப்பிட்டு 1 கொடுத்தால் போதும், கோப்பின் பெயர் தெரியும். அதைவிட நல்ல வழி, கட்டத்துக்குக் கீழே சிறு எழுத்தில் ஒரு வரி: கோப்பின் பெயர், எத்தனை ஆட்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பு) வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு என்று தெரிந்த கிராணிக்கு, ‘112 ஆட்கள்’ என்று திரை சொன்னால் அதைவிட நிம்மதி வேறில்லை.

அந்த வரியை எழுத வேண்டுமானால் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும். அதுதான் சோதனை ஃபங்ஷனின் வேலை. முகவரியை வாங்கி, குறை இருந்தால் அதை ஒரு வாக்கியமாகத் திருப்பித் தரும். இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் நன் என்பதைத் தரும். தேர்ந்தெடு மெதட் அந்த வாக்கியத்தைச் சிவப்பில் காட்டும். சோதனை வரிக்கு வரி வேறு, காட்டும் முறை ஒன்றே. செக்ரோலில் தலைப்பு வரிசை பொருந்துகிறதா, மாதம் ஒன்றா என்று பார்ப்போம். அடையாள அட்டை எண்ணையும் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது. மைகார்டு எண் 12 இலக்கம். இடையில் கோடு போடாமல் எழுதிய எண்ணை எக்ஸெல் வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு, கூட்டல்குறி போட்ட அறிவியல் வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போனது போனதுதான். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்கும், அந்தச் சுழியமும் உதிர்ந்துவிடும். கூட்டல்குறி இருக்கிறதா, எல்லாம் இலக்கமாக இருந்தால் பன்னிரண்டு தேறுகிறதா என்று இரண்டு சோதனை போதும். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ் எண்ணில் எழுத்து கலந்திருக்கும், அவற்றை இந்தச் சோதனையில் மாட்டிவிடாதீர்கள்.

தமிழில் பெயர் எழுதிய கோப்பைத் திறக்கும் இடத்தில் சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்டோஸில் பைத்தான் 3.14 வரை, ஓப்பன் என்று கூப்பிடும்போது என்கோடிங் (எழுத்துகளை எண்களாக எழுதும் குறியீடு) சொல்லாவிட்டால் கணினியின் வட்டார அமைப்பில் உள்ள பழைய குறியீட்டை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைத்த கணினியில் அது 1252 என்ற மேற்கத்தியக் குறியீடு. அதில் 256 இடங்கள். ஐந்து மட்டும் காலி: 129, 141, 143, 144, 157. எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. உகரக் குறியின் மூன்றாவது பைட்டு 129. மெய்யின் புள்ளிக்கு 141. ‘ஏ’வுக்கு 143, ‘ஐ’க்கு 144. ஐந்து காலியிடங்களில் நான்கின்மேல் நம் எழுத்துகள் வந்து உட்காருகின்றன!

விளைவு என்னவென்றால், ‘முருகன்’ என்ற பெயர் உள்ள கோப்பைத் திறந்தால் ‘மு’விலேயே நிரல் பிழை சொல்லி நின்றுவிடும். ‘கமலா’ என்று மட்டும் உள்ள கோப்பு எந்தப் பிழையும் இல்லாமல் திறக்கும், ஆனால் உள்ளே கமலா இருக்க மாட்டார்; பொருளற்ற மேற்கத்திய எழுத்துகள் பன்னிரண்டு இருக்கும். சோதனைக்கென்று இரண்டே இரண்டு பெயர் போட்டுப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் ஆபத்து. நின்றுபோகும் பிழையாவது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மற்றது சம்பளச் சீட்டுவரை பயணம் செய்யும். மருந்து ஒன்றுதான்: படிக்கும்போதும் எழுதும்போதும் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று சொல்லிவிடுங்கள். படிக்கையில் அது தொடக்கக் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்கும். எழுதுகையில் அந்தக் குறியைப் போடும், எக்ஸெல் அதைப் பார்த்துத்தான் தமிழை ஒழுங்காகக் காட்டும். கிராணியிடமும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும்: எக்ஸெலில் சேமிக்கும்போது பட்டியலில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்பதைத் தேர்வு செய்ய வேண்டும், வெறும் சிஎஸ்வியை அல்ல. வெறும் சிஎஸ்வியில் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

போன தடவை திறந்த ஃபோல்டரை நினைவில் வைப்பது சிறிய மரியாதை. ஆனால் நான்கு வரிக்கும் சேர்த்து ஒன்று வைத்தால் பயனில்லை. செக்ரோல் ஆபீஸ் கணினியில் இருக்கும், குலைக் கணக்கு பெண்டிரைவில் வரும். வரிக்கு ஒன்றாக, தலைப்பையே சாவியாக்கி, ஒரு ஜேசன் கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அந்த ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இனிஷியல்டிரில் கொடுக்க வேண்டும். போன மாதம் ஈ டிரைவாக இருந்த பெண்டிரைவ் இந்த மாதம் எஃப் ஆகியிருக்கலாம். இதே காரணத்துக்காக, ‘கணக்குப் போடு’ அழுத்தியதும் நான்கு முகவரியையும் மறுபடி சோதியுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு பெண்டிரைவைப் பிடுங்கிவிட்டால் கட்டத்தில் முகவரி இருக்கும், கோப்பு இருக்காது.

அதே செயலை மெனுவிலும் குறுக்கு விசையிலும் வைக்க ஆசைப்படுவது நியாயம்தான். ஜாவா ஸ்விங்கில் இதற்கென்றே ஆக்‌ஷன் என்ற பொருள் இருக்கிறது. பெயர், படம், குறுக்கு விசை எல்லாம் அதற்குள் இருக்கும், மெனு, கருவிப்பட்டை, பொத்தான் மூன்றுக்கும் அதையே கொடுக்கலாம், செட்எனேபிள்டு ஃபால்ஸ் என்று ஒருமுறை சொன்னால் மூன்றும் சேர்ந்து மங்கும். க்யூட்டியில் க்யூஆக்‌ஷன் அதே வேலையைச் செய்கிறது. டிகின்டரில் அப்படி ஒன்று கிடையாது. கோப்புவரிக்குள் ஒரு பட்டியல் வைத்து, இந்தச் செயலைப் பயன்படுத்தும் பொத்தான்களை அதில் சேர்த்துக்கொண்டு, மங்கச் செய்யும்போது அத்தனைக்கும் சொல்ல வேண்டும். மெனு உருப்படி இந்தப் பட்டியலில் பொத்தான் மாதிரி சேராது. அதை என்ட்ரிகான்ஃபிக் வழியாக அதன் வரிசை எண்ணைக் கொடுத்து மாற்ற வேண்டும்.

குறுக்கு விசையை பைண்டில் இணைத்தால் மெதடுக்கு ஒரு ஈவென்ட் (எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவல்) வந்து சேரும். பொத்தானிலிருந்து வந்தால் ஒன்றும் வராது. மெதடின் அடைப்பில் ஈவென்ட்டுக்கு இயல்பாக நன் என்று வைத்தால் இரண்டும் ஒரே வாசலில் நுழையும். கன்ட்ரோல்-ஓ இணைக்கும்போது சிறிய ஓவுக்கும் பெரிய ஓவுக்கும் தனித்தனியாக இணைக்க வேண்டும். கேப்ஸ்லாக் எரிந்துகொண்டிருந்தால் சிறிய ஓ மட்டும் வைத்த நிரல் அசையாது.

சேமிக்கும் பக்கம் வந்தால் நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய ஒரு முடிச்சு இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் எழுதினால் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி (மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கங்கள்) வரும். ஆளுக்கொரு சம்பளச் சீட்டுக் கோப்பு, கோப்புக்கு ஆளின் பெயர் என்று வைத்தால் அந்தச் சாய்கோடு வேலையைக் கெடுக்கும். விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்காது. லினக்ஸோ சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதை ஃபோல்டர் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று சொல்லும். விண்டோஸ் கோப்புப் பெயரில் இடம் தராத குறிகள் ஒன்பது: இரண்டு சாய்கோடுகள், முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், சிறிது, பெரிது, நிலைக்கோடு. இவற்றைக் கோடாக மாற்றும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதி, எல்லாச் சேமிப்பும் அதன் வழியாகவே போகட்டும். சீட்டின் உள்ளே அச்சாகும் பெயரை மட்டும் அது தொடக்கூடாது. தகப்பன் பெயரோடு முழுப் பெயர் அங்கே அப்படியே இருக்க வேண்டும். கோப்புப் பெயருக்கு ஆளின் தோட்ட எண்ணை வைப்பதே இன்னும் உறுதியானது, ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் ஒருவர் சீட்டை மற்றவர் சீட்டு மூடாது. அடையாள அட்டை எண்ணைக் கோப்புப் பெயரில் வைக்க வேண்டாம், பெண்டிரைவ் கைமாறும் பொருள்.

விண்டோஸில் சில பெயர்கள் சாதனங்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று பிஆர்என், அச்சுப்பொறிக்கு உரியது. நம் நாட்டில் மாநிலத் தேர்தலுக்கு அதே மூன்று எழுத்துதான் சுருக்கம். தேர்தல் விடுப்பு நாள்களைக் குறித்த பட்டியலுக்கு அந்தப் பெயரை மட்டும் வைத்தால் விண்டோஸ் 10இல் பின்னொட்டு சேர்த்தாலும் சேமிக்க முடியாது. பின்னால் ஆண்டைச் சேர்த்து எழுதினால் ஏற்கும்.

கடைசியாக எழுதும் நேரம். மொத்தக் கணக்குக் கோப்பு எக்ஸெலில் திறந்திருக்கும்போது நிரல் அதன்மேல் எழுதப் போனால் விண்டோஸ் தடுத்துவிடும். பைத்தானில் அது பெர்மிஷன்எர்ரர், எண் 13. ஆங்கிலப் பிழைச் செய்தியை அப்படியே திரையில் விட்டால் கிராணி தனக்கு அனுமதி இல்லை என்று நினைத்து மேனேஜரைத் தேடிப் போவார். அந்தப் பிழையைத் தனியாகப் பிடித்து, “மார்ச் கணக்குக் கோப்பு எக்ஸெலில் திறந்திருக்கிறது. அதை மூடிவிட்டு மறுபடி ‘கணக்குப் போடு’ அழுத்துங்கள்” என்று எழுதுங்கள். நான்கு கட்டங்களிலும் உள்ள முகவரிகள் அப்போதும் கலையாமல் அப்படியே இருக்க வேண்டும்.